கோயில் கிணற்று மோட்டார்

7 செப்டம்பர் 2008, ஞாயிறு

பூசை முடிந்ததும் மாதா கோயில் ஷெட்டிலேயே தெருக் கூட்டம். நாற்பத்தாறு வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தது. கரண்ட் கட் பற்றித்தான் பேச்சு. ஆரம்பாக்கத்தில் இப்போது பகலில் மூன்று மணி நேரம் போகிறது, சாயங்காலம் மறுபடியும் போகிறது. கரண்ட் இல்லையென்றால் தண்ணீரும் இல்லை.

நான் தயாராகப் போயிருந்தேன். எங்கள் மில்லில் ஒரு பழைய ஜெனரேட்டரைக் கழிக்கிறார்கள். மெயின்டனன்ஸ் மேனேஜரிடம் பேசி வைத்திருக்கிறேன். எத்தனை கிலோவாட், எங்கே வைப்பது, எந்த வீட்டுக்கு எந்த லைன் எல்லாம் வரைந்து எடுத்துப் போனேன். பதினைந்து நிமிடம் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். சின்னதுரை, “இம்மானுவேல் அண்ணன் இருக்கும்போது நமக்கு இன்னா கவல” என்றான்.

அப்போது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல். “டீசல் யாரு ஊத்தறது?”

திரும்பிப் பார்த்தேன். விக்டோரியா.

என் மனைவி எழுந்து நின்றாள். “கரண்ட் இல்லாத நேரத்துக்கு இன்னா பண்றதுன்னே பேசிக்கினு இருக்கோம். இருக்கிற நேரத்துல எம்மாம் வீணாப் போவுதுன்னு யாராச்சும் பாத்தீங்களா? கரண்ட் வந்த ஒடனே பன்னெண்டு ஊட்டு மோட்டாரும் ஒண்ணா ஓடுது. வோல்டேஜ் படுத்துக்குது. யாருக்கும் தண்ணி ஏறல. ஒரே மோட்டார வச்சி மொறையா எடுத்தா எல்லாருக்கும் ஏறும்ல?”

மூன்று நிமிடம்கூடப் பேசவில்லை. கை தட்டினார்கள். ஜெனரேட்டர் போயிற்று.

வரைந்த தாள் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

8 செப்டம்பர்

அவள் நேற்றுச் சொன்னது அத்தனையும் நான் சாப்பிடும்போது அவளிடம் சொன்னது. வோல்டேஜ் படுத்துக்கொள்வது உட்பட.

14 செப்டம்பர், ஞாயிறு

கூட்டம் இன்று எங்கள் வீட்டிலேயே. குழு போட்டிருக்கிறார்கள். ஒன்பது பெண்கள், இரண்டு ஆண்கள். அந்த இரண்டில் நான் இல்லை. அமீருதீன் பாய் ஒருவர், சின்னதுரை ஒருவன். சின்னதுரைக்கு டிராக்டர் ஓட்டத் தெரியும். பாய்க்கு பஜாரில் எலெக்ட்ரிக்கல் கடை இருக்கிறது. இருபத்து மூன்று வருடமாக ரோலிங் மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருப்பவனுக்கு என்ன தெரியும்?

“உங்களுக்கு ஷிப்டு மாறி மாறி வருது, அதான் பேரு போடல” என்றாள் விக்டோரியா. நியாயமாகத்தான் இருக்கிறது. நியாயமாக இருப்பதுதான் எரிகிறது.

திட்டம் என்று ஒரு நோட்டு போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டு மீட்டரையும் மாதம் ஒருமுறை குறித்து, யார் வீட்டில் எதனால் அதிகம் ஓடுகிறது என்று உட்கார்ந்து பேசுவது. குண்டு பல்பை எடுத்துவிட்டு சி.எஃப்.எல். போடுவது. கோயில் கிணற்றில் ஒரு மோட்டார், ஒரு தொட்டி, அதிலிருந்து பன்னிரண்டு வீட்டுக்கு முறை வைத்துக் குழாய். பஞ்சாயத்தில் பேசி, பத்து வருடமாகத் துருப்பிடித்து நிற்கும் அடிபம்பைச் சரி செய்வது. புயல், வெள்ளம் வந்தால் யார் யாரைத் தூக்குவது, எங்கே சமைப்பது என்று ஒரு பட்டியல்.

நல்ல திட்டம். ஒரு எலெக்ட்ரீஷியனாகச் சொல்கிறேன், நல்ல திட்டம்.

கல்யாணமான புதிதில் இவளுக்கு மீட்டரில் சிவப்பு எண் எது, கறுப்பு எண் எது என்றே தெரியாது. நான்தான் ஸ்டூல் போட்டு ஏற்றிக் காட்டினேன். இன்று நாற்பத்தாறு மீட்டர்.

20 செப்டம்பர்

முதல் ஷிப்டு முடிந்து சூலூர்பேட்டை ரயில் வண்டியில் வந்திறங்கி பஜார் வழியாக வந்தேன். பாய் கடையில் விக்டோரியா நிற்கிறாள். கூடவே பாயின் மனைவி சமீனா. மூன்று பேரும் ஒரு பல்பைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். என்ன சிரிப்பு? பல்பில் சிரிக்க என்ன இருக்கிறது?

என்னைப் பார்த்ததும் பாய், “வாங்கண்ணே, டீ சொல்லட்டுமா? அக்கா எல்லா ஊட்டுக்கும் சேத்து மொத்தமா கேக்கறாங்க. நான் பழவேற்காட்டுல எங்க மச்சான் கடையிலயும் கேட்டுப் பாத்தேன்” என்றார்.

அக்கா. பாய் நல்லவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சமீனாவும் பக்கத்திலேயே நிற்கிறாள். தப்பாக ஒன்றும் இல்லை. ஆனால் என்னிடம் விக்டோரியா அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று? மின்சாரத்தைப் பற்றிப் பேச வீட்டில் ஒருத்தன் இருக்கிறான், பஜாரில் போய்ப் பேசுகிறாள்.

டீ வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

2 அக்டோபர், வியாழன்

கிராம சபை. விக்டோரியா மைக்கில் திட்டத்தைப் படித்தாள். அடிபம்பைச் சரி செய்து தருவதாகத் தீர்மானம். மேடையிலிருந்து ஒருவர், “இந்தம்மா வூட்டுக்காரர் யாருப்பா?” என்று கேட்டார். சின்னதுரை என்னைக் கை காட்டினான். நான் எழுந்து கும்பிட்டேன். எதற்குக் கும்பிட்டேன் என்று தெரியவில்லை.

5 அக்டோபர், ஞாயிறு

கோயில் கிணற்றில் மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது. பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் தங்கள் சொந்த மோட்டாரைக் கழற்றிவிட்டுக் குழாயைத் தொட்டியோடு சேர்த்துவிட்டார்கள்.

நேற்று சாயங்காலம் விக்டோரியா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஏங்க, இந்த மோட்டார் ஒண்ணே இவ்ளோ நேரம் ஓடுமே, தாங்குமா? இன்னா பாத்துக்கணும், சொல்லுங்க.”

தாங்காது. எனக்குத் தெரியும். இந்தத் தெருவில் சாயங்காலம் வோல்டேஜ் நூற்று அறுபதுக்கு இறங்கிவிடும். அதில் ஓடினால் மோட்டார் கரண்டை அதிகமாக இழுக்கும், சூடேறும், ஒரு நாள் உள்ளே சுற்றிய செப்புக் கம்பி, காயில், எரியும். வோல்டேஜ் குறைந்தால் தானாக நிறுத்துகிற ரிலே ஒன்று மாட்டினால் போதும். சின்னப் பெட்டி. அரை மணி நேர வேலை.

நான் சொன்னது: “நீங்கதான் பெரிய இஞ்சினியராச்சே. பாய்கிட்ட கேளு.”

அவள் நோட்டை மூடிக்கொண்டு போனாள். பாய்க்கு விற்கத் தெரியும், ஓடுகிற மோட்டாரைப் பற்றித் தெரியாது; இன்று மோட்டாரை ரிலே இல்லாமலே போட்டிருக்கிறார்கள்.

9 அக்டோபர்

பன்னிரண்டு வீட்டிலும் தண்ணீர் ஏறுகிறதாம். முத்தம்மா கிழவி விக்டோரியாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். என் கண் முன்னால்.

12 அக்டோபர்

கோயிலுக்குப் போனபோது யாரும் பார்க்காமல் மோட்டார் மேல் கை வைத்துப் பார்த்தேன். இரண்டு விநாடிக்கு மேல் வைக்க முடியவில்லை.

கையை எடுத்துக்கொண்டு பூசைக்குப் போய் உட்கார்ந்தேன்.

16 அக்டோபர், வியாழன்

எரிந்துவிட்டது.

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு. நான் வீட்டில்தான் இருந்தேன். வார்னிஷ் கருகிய நாற்றம் தெருமுனை வரை வந்தது. இருபத்து மூன்று வருடமாகப் பழகிய மூக்குக்கு வெளியே போகாமலே தெரிந்துவிட்டது.

போய்ப் பார்த்தேன். கூட்டம். விக்டோரியா நடுவில் நிற்கிறாள். யாரோ ஒருவன், “பொம்பளைங்க கையில குடுத்தா இப்டித்தான். அண்ணன் ஜெனரேட்டர்னு சொன்னாரு, கேட்டீங்களா?” என்றான்.

நான் மறுக்கவில்லை. இனித்தது. எழுதத்தானே இந்த டைரி? எழுதுகிறேன். அந்த நிமிடம் எனக்கு இனித்தது.

17 அக்டோபர்

காலையில் நாஷ்டா வைக்கும்போது கேட்டாள். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“அது எரியும்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது” என்றேன். “எனக்கு இன்னா ஜோசியமா தெரியும்?”

“அதான பாத்தேன். தெரிஞ்சா சொல்லியிருப்பீங்க” என்றாள். இன்னொரு தோசை வைத்தாள்.

அவள் நம்பாமல் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அதற்குத் தயாராகத்தான் இருந்தேன்.

20 அக்டோபர்

பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் ரயில்வே கேட் தாண்டிப் போய்க் குடத்தில் கொண்டு வருகிறார்கள். சொந்த மோட்டாரையும் கழற்றியாகிவிட்டது, அடிபம்புக்கு இன்னும் ஆள் வரவில்லை. மழை வேறு. விக்டோரியா தனக்கு இரண்டு குடம், முத்தம்மாவுக்கு ஒரு குடம்.

காயில் கட்ட எனக்குத் தெரியும். இன்றுதான் வாய் திறந்தேன், “நான் கட்டித் தரேன்” என்று. நான்கு நாள் ஏன் திறக்கவில்லை?

யாராவது வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். அதுதான் உண்மை.

25 அக்டோபர், சனி

கட்டி முடித்து, வார்னிஷ் காய்ந்து, இன்று மாட்டினேன். ரிலேயும் சேர்த்து மாட்டிவிட்டேன். “இது இன்னாண்ணே பொட்டி?” என்றான் சின்னதுரை. “சும்மா, ஒரு பாதுகாப்புக்கு” என்றேன். ஒன்பது நாளுக்குப் பிறகு தண்ணீர். கை தட்டினார்கள். எனக்கு.

“இம்மானுவேல் அண்ணன் இல்லன்னா நம்ம தெரு பேஜாராப் போயிருக்கும்!”

ஒன்றரை மாதமாக இதற்குத்தான் ஏங்கினேன். காதில் விழுந்ததும் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். மகள் ஏஞ்சலின் வந்து, “இன்னாப்பா, ஜுரமா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஆமாம் என்றேன்.

27 அக்டோபர்

தீபாவளி. சின்னதுரை வீட்டிலிருந்து ஒரு சம்படம் நிறைய அதிரசம், “அண்ணனுக்குன்னு தனியா” என்று. அவன் மனைவி செண்பகமே வயிற்றைத் தாங்கிக்கொண்டு கொண்டு வந்தாள். ஏழு மாதம். என்னால் ஒன்றுகூடத் தின்ன முடியவில்லை.

8 நவம்பர்

மில்லுக்கும் கரண்ட் வெட்டு. ஃபர்னஸை ஒரு ஷிப்டுதான் ஓட்டுகிறார்கள். காண்ட்ராக்ட் ஆட்கள் பாதிப் பேரைப் போகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. சிப்காட் கேட்டில் டீக்கடைக்காரர், “இவ்ளோ அமைதியா நான் பாத்ததே இல்ல சார்” என்கிறார்.

எங்கள் தெருவில் போன மாதத்தைவிட மீட்டர் நான்கில் ஒரு பங்கு குறைந்திருக்கிறதாம். விக்டோரியா கோயில் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாள். மில்லே கரண்டைக் குறைக்கத் தெரியாமல் ஆளைக் குறைக்கிறது. இவள் யாரையும் அனுப்பாமல் குறைத்துவிட்டாள்.

பாராட்ட வேண்டும் என்று நினைத்தேன். “எழுத்து கோணலா இருக்குது” என்று சொன்னேன்.

16 நவம்பர், ஞாயிறு

விக்டோரியா பாய் கடைக்குப் போவதில்லை. கவனித்துவிட்டேன். சமீனாவும் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பாய் மட்டும் வந்து ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போகிறார். இரண்டு பெண்களும் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். என்ன என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல” என்றாள்.

ஒன்றுமில்லையோ, ஏதோ இருக்கிறதோ, கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கிறது.

19 நவம்பர்

அடிபம்பு ஓடுகிறது.

25 நவம்பர், செவ்வாய்

மில்லில் எழுதுகிறேன். மழை நிற்கவே இல்லை. புயலாம். ஃபர்னஸை முழுவதும் நிறுத்தி, பேனல் ரூமில் தண்ணீர் ஏறாமல் மணல் மூட்டை அடுக்குகிறோம். சூலூர்பேட்டை வண்டி ரத்து. இங்கேயே தங்க வேண்டியதுதான்.

27 நவம்பர்

இன்னும் மில்லில். செல்போனில் சார்ஜ் இல்லை. ஆரம்பாக்கம் பக்கம் கம்பம் சாய்ந்துவிட்டது, மூன்று நாளாகக் கரண்டே இல்லை என்று லாரிக்காரர் ஒருவர் சொன்னார். விக்டோரியாவும் ஏஞ்சலினும் என்ன செய்கிறார்களோ.

29 நவம்பர், சனி

நேற்று காலை மழை விட்டதும் கிளம்பினேன். எளாவூர் வரை லாரி. அதன் பிறகு நடை. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வயலே தெரியவில்லை, தண்ணீர்தான். வழியெல்லாம் ஒரே நினைப்பு: தெரு இருட்டில் கிடக்கும், தண்ணீர் இருக்காது, திட்டம் நோட்டு எல்லாம் நனைந்து போயிருக்கும், நான் போய்த்தான் ஏதாவது செய்ய வேண்டும். பயமும் இருந்தது. அதற்குள்ளே ஒரு ஆசையும் இருந்தது. நான் போய்ச் சேரும்போது, “அண்ணன் வந்துட்டாரு” என்று எல்லோரும் ஓடி வருவது போல.

மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். யாரும் ஓடி வரவில்லை. எல்லோருக்கும் வேலை இருந்தது.

அடிபம்பில் வரிசை, சத்தமில்லாமல் நகர்கிறது. கோயில் ஷெட்டில் பெரிய அண்டாவில் ஒரே சமையல். சோறு ஒரு கொதி வந்ததும் அண்டாவை இறக்கி வைக்கோல் திணித்த பெட்டிக்குள் வைத்து மூடிவிடுகிறார்கள், மிச்சம் தானாக வெந்துவிடுகிறது. பாதி விறகு போதும். சின்னதுரையின் டிராக்டர் பேட்டரியில் வரிசையாக ஏழெட்டு செல்போன் சார்ஜ் ஏறுகிறது. முத்தம்மா பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை மெல்லுகிறாள். கீழத் தெருவில் தண்ணீர் புகுந்த வீட்டுக்காரர்களும் இங்கேதான் இருக்கிறார்கள்.

செண்பகம் ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டு வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டினாள்.

“வாங்கண்ணா. உங்க பேருக்கு நேரா அக்கா எழுதி வச்சிருக்காங்க. ‘கம்பெனியில் இருக்கிறார், பத்திரம், வந்தால் முதலில் சாப்பாடு’ன்னு.” டிக் அடித்துவிட்டு ஒரு தட்டு கொடுத்தாள்.

“பத்திரம்னு எப்டித் தெரியும்?”

“பாய் கடையில லைன் போன் வேல செய்யுது. அக்கா தினம் காலைல போய் உங்க கம்பெனி கேட்டுக்குப் போன் அடிச்சிக் கேட்டுக்கினு வருவாங்க.”

செக்யூரிட்டி என்னிடம் சொல்லவே இல்லை. சமீனாவோடு பேச்சு இல்லாமல், அந்தக் கடைக்கே மூன்று நாள் போயிருக்கிறாள்.

தட்டை வாங்கிக்கொண்டு மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். நான் இல்லாமல் எதுவும் நின்றுவிடவில்லை. பட்டியலில் நானும் ஒரு வரி. அந்த வரி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் நன்றாகப் பொறாமைப்பட்டிருப்பேன்.

விக்டோரியா கீழத் தெருவிலிருந்து முழங்கால் வரை சேறோடு வந்தாள். என்னைப் பார்த்தாள். “சாப்டீங்களா?” என்றாள். அவ்வளவுதான். திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

1 டிசம்பர், திங்கள்

கரண்ட் வந்தது. பாய் கடைக்குப் போய், போனுக்காக நன்றி சொன்னேன். பாய் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க ஊட்டுல அவளும் அக்காவும் பேசறதில்ல, தெரியும்ல. அது உங்களாலதான்.”

“என்னாலயா?”

“மோட்டார் எரிஞ்சப்போ சமீனா கேட்டுட்டா. ‘உங்க ஊட்டுக்காரருக்கு இது தெரியாம இருக்குமாக்கா, இவ்ளோ வருஷ சர்வீஸ்ல’ன்னு. அக்காவுக்குக் கோவம் வந்துடுச்சு. ‘எங்க ஊட்டுக்காரரு என்கிட்ட பொய் சொல்ல மாட்டாரு. இனிமே என்கூட பேசாத’ன்னு எழுந்து போயிட்டாங்க. இவளும் அப்புறம் வாய் தெறக்கல. விடுங்கண்ணே, பொம்பளைங்க சண்ட.”

பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. கல்லா மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் தெரிந்தேதான் விட்டேன் என்று பாய்க்கும் தெரியும். நான் ரிலே வாங்கப் போன அன்றைக்கே தெரிந்திருக்கும். எதற்கு வாங்குகிறேன் என்று விற்றவருக்குத் தெரியாதா?

அவர்கள் சேர்ந்து சிரித்ததற்கு எரிந்தேன். பிரிந்ததற்கு நிம்மதிப்பட்டேன். பிரித்தது நான்.

3 டிசம்பர், புதன்

சொல்லிவிட்டேன்.

மத்தியானம், ஏஞ்சலின் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். விக்டோரியா நனைந்த அரிசியை முற்றத்தில் காய வைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். தெரியும் என்று சொன்னேன். நீ கேட்டபோதே தெரியும், கை வைத்துப் பார்த்தபோதும் தெரியும், எரியட்டும் என்றுதான் விட்டேன்.

“ஏன்?”

“எல்லாரும் உன்னையே கேக்கறாங்க.”

வேறு எப்படிச் சொல்வது? நாற்பத்தெட்டு வயசு ஆம்பள. சொல்லும்போது அவ்ளோதான் வாயில வந்துச்சு. எல்லாரும் உன்னையே கேக்கறாங்க. சின்னப் புள்ள மாதிரி.

அவள் கத்தவில்லை. “நானும் உங்களத்தான கேட்டேன்” என்றாள். “மொதல்ல உங்களத்தான கேட்டேன்.”

முறத்தைக் கீழே வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு பஜார் பக்கம் போனாள். ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். கண் சிவந்திருந்தது.

“சமீனாகிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன். அது என் வேல, முடிஞ்சிது. தண்ணி தூக்கினவங்க பன்னெண்டு ஊடு. அவங்களுக்கு நீங்க சொல்லணும். கூட்டத்துல.”

7 டிசம்பர்

கூட்டத்துக்குப் போகவில்லை. தலைவலி என்றேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. இந்த நான்கு நாளில் என்னிடம் அவள் எதையுமே கேட்கவில்லை.

14 டிசம்பர், ஞாயிறு

போனேன். விக்டோரியா மீட்டர் கணக்கைப் படித்து முடித்ததும் எழுந்தேன். ஜெனரேட்டருக்குப் பதினைந்து நிமிடம் பேசியவனுக்கு இன்று ஒரு நிமிடம் பேச நாக்கு புரளவில்லை. மோட்டார் எரியும் என்று எனக்கு முன்பே தெரியும், விக்டோரியா கேட்டும் நான் சொல்லவில்லை, அவள் மேல் பொறாமையாக இருந்தது, காயில் கட்டவும் வேண்டுமென்றே தாமதித்தேன். இவ்வளவும் சொன்னேன்.

யாருடைய செல்போனோ அடித்து நின்றது.

சின்னதுரை எழுந்தான். “ஒம்போது நாளு. என் பொண்டாட்டி ஏழு மாசம். கேட்டுக்கு அந்தாண்ட போயி கொடம் தூக்கினா. ஒரு நாள் வழுக்கி உழுந்தா, தெரியுமா உனக்கு? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடினேன். உனக்கு அதிரசம் செஞ்சி குடுத்தா அவ.”

எப்போதும் அண்ணே என்பவன். தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வார்த்தையே வரவில்லை. அவன் வெளியே போய்விட்டான்.

முத்தம்மாதான் கேட்டாள். “சரிப்பா. இப்போ மாட்டியிருக்கிற பொட்டி ஓடுதா? மறுபடியும் எரியாதே?”

“எரியாதும்மா.”

“அப்போ குந்து.”

உட்கார்ந்தேன். விக்டோரியா அடுத்த விஷயத்துக்குப் போனாள்.

21 டிசம்பர்

தெருவில் பாதிப் பேர் பேசுவதில்லை. சமீனா மட்டும் வாசலில் நின்று, “இன்னாண்ணே, சாப்டாச்சா?” என்றாள். அவள் கேட்டதுதான் அதிகம் சுட்டது.

25 டிசம்பர்

கிறிஸ்துமஸ். விக்டோரியா புது வேட்டி எடுத்து வைத்திருந்தாள். கையில் தரவில்லை, கட்டில்மேல் வைத்திருந்தாள்.

செண்பகத்துக்கு நேற்று பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். ஏஞ்சலின் சொல்லித்தான் தெரியும். கோயிலில் வெகு நேரம் முழங்காலில் இருந்தேன். நான் போய்ப் பார்க்க முடியாது. விக்டோரியா கேக் எடுத்துக்கொண்டு போனாள்.

11 ஜனவரி 2009

மில்லில் வாரத்துக்கு மூன்று நாள் வேலையே தொடர்கிறது. மீதி நாளில் கோயில் கிணற்று வேலையைப் பார்க்கிறேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். வால்வுக்கு வாஷர் போட்டேன். தொட்டி நிறைந்தால் நிற்கிற மாதிரி மிதவை கட்டினேன். இன்று சின்னதுரை அந்தப் பக்கம் வந்தான். நின்று பார்த்தான். ஒன்றும் சொல்லாமல், கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்து என் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போனான்.

இன்றும் யாரோ விக்டோரியாவைத் தேடி வந்தார்கள். நெஞ்சில் சுருக்கென்றது. பொறாமை போகவில்லை இன்னும். போய்விட்டது என்று எழுதினால் பொய்.

8 பிப்ரவரி 2009, ஞாயிறு

விக்டோரியாவும் சமீனாவும் காலை வண்டியில் பொன்னேரிக்குப் போயிருந்தார்கள். அங்கே மகளிர் குழுக்களின் கூட்டத்தில் நம் தெருவைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

பத்து மணிக்கு எளாவூரிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள், மூன்று பெண்கள், இரண்டு ஆண்கள். “விக்டோரியா மேடம் இருக்காங்களா?”

“ஊர்ல இல்ல. சாயங்காலம் வருவாங்க.”

முகம் விழுந்துவிட்டது. வெயிலில் சைக்கிள் மிதித்து வந்திருக்கிறார்கள். “அப்போ இன்னொரு நாளு வர்றோம் சார்” என்று திரும்பினார்கள்.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போகட்டும் என்று விட்டுவிடலாம். அவர்கள் தேடி வந்தது அவளை.

“உள்ள வாங்க” என்றேன். “அவங்க எழுதின நோட்டு இருக்குது. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.”

தரையில் பாய் விரித்து உட்கார்ந்தோம். அவளுடைய நோட்டை முதல் பக்கத்திலிருந்து நான் படித்ததே இல்லை. அவர்களோடு சேர்ந்துதான் படித்தேன். பன்னிரண்டு வீட்டு முறை, மீட்டர், அடிபம்பு, வைக்கோல் பெட்டி, யார் யாரைத் தூக்குவது. மோட்டார் பற்றிய பக்கம் வந்ததும், அது எப்படி எரிந்தது என்பதையும் சொன்னேன். யார் தப்பு என்பதையும் சொன்னேன். ஒரு பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மறுபடியும் எழுதினாள்.

பிறகு கோயிலுக்குக் கூட்டிப் போய் எல்லாவற்றையும் காட்டினேன். திரும்பி வந்து அவர்கள் ஊர்க் கிணறு, அவர்கள் வோல்டேஜ், அவர்கள் வீடுகள் என்று வரைய ஆரம்பித்தோம். நேரம் போனதே தெரியவில்லை.

தலை நிமிர்ந்தபோது விக்டோரியா வாசலில் உட்கார்ந்திருந்தாள். முன்பே வந்துவிட்டாள் போலிருக்கிறது. பை மடியில் இருந்தது. உள்ளே வரவில்லை. “மேடம்!” என்று அவர்கள் எழப் போனார்கள். “குந்துங்க, குந்துங்க. அவரு சொல்லட்டும்” என்றாள்.

நான் தொடர்ந்தேன். வயசானவர்கள் இருக்கிற வீட்டுக்குக் கடைசி முறை கொடுங்கள், தொட்டி நிறைந்திருக்கும் என்று சொன்னேன்.

“இல்லங்க” என்றாள் வாசலிலிருந்து. “மொதல் மொறதான் குடுக்கணும். கடைசின்னா அதுக்குள்ள கரண்ட் போயிடுச்சின்னா அவங்களால கொடம் தூக்க முடியாது.”

ஐந்து பேர் முன்னால் திருத்தினாள். சுருக்கென்றுதான் இருந்தது.

“ஆமா. முதல் முறைன்னு எழுதிக்கோங்க” என்றேன்.

எழுதிக்கொண்டார்கள். அவள் எழுந்து உள்ளே வந்து, பையை ஓரமாக வைத்துவிட்டு, பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.